செக், ஸ்லோவாக் தெருமுனை உணவகத்தில் சாப்பிட: முதல்முறை போகிறவர்களுக்கு

பிராக், புர்னோ, பிராத்திஸ்லாவா என்று படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்குகிறவர்களில் பலர் முதல் சில மாதங்களைக் கபாபிலும் பீட்சாவிலுமே ஓட்டிவிடுகிறார்கள். குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே மர பெஞ்சுகளோடு ஒரு ஹோஸ்போடா, அதாவது பியரும் சாப்பாடும் கிடைக்கும் கடை, இருக்கும். கதவைத் திறக்கத்தான் தயக்கம். மெனு புரியாது, பரிமாறுகிறவர் முகத்தில் சிரிப்பு இருக்காது, எதில் எந்த இறைச்சி என்று தெரியாது. ஆனால் சூடான சூப்பும் வயிறு நிறையச் சாப்பாடும் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கிற இடம் அதுதான். அங்கே எல்லாம் ஒரு வரிசைப்படி நடக்கும். அந்த வரிசை பிடிபட்டுவிட்டால் மொழி தெரியாமலேயே சமாளிக்கலாம்.

1. பலகையைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள்

செக் நாட்டில் ஹோஸ்போடா அல்லது ஹோஸ்டினெட்ஸ் என்றால் பியரும் சாப்பாடும் சேர்ந்த அக்கம்பக்கத்துக் கடை. பிவ்னிட்ஸே என்றால் பியர்தான் முக்கியம். சாப்பிடத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஏதாவது இருக்கும். ரெஸ்டௌரட்ஸே என்றால் முழுச் சமையலறை உண்டு. யீடெல்னா என்பது தட்டை நாமே தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் உணவுச்சாலை. எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் பெரும்பாலும் பிற்பகலோடு மூடிவிடும். ஸ்லோவாக்கியாவில் ரெஷ்டௌராட்சியா சாப்பாட்டுக்கு, க்ர்ச்மா குடிக்க, கோலிபா என்பது மரவீட்டு பாணியில் நாட்டுப்புறச் சமையல்.

பிராக்கில் பழைய நகரச் சதுக்கத்தையும் சார்லஸ் பாலத்தையும் ஒட்டிய கடைகளை விட்டுவிடுங்கள். டிராமில் நாலைந்து நிறுத்தம் தள்ளிப் போனால் அதே தட்டு கணிசமாகக் குறைந்த விலைக்கு வரும். கதவில் ஒட்டிய மதிய மெனு செக் மொழியில் மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரை நாள்வாரியாக அச்சிட்டிருந்தால் அது உள்ளூர்க்காரர்களை நம்பி நடக்கும் கடை. வாசலில் நின்று உள்ளே கூப்பிடும் ஆள், எட்டு மொழிப் படமெனு, இரண்டும் இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

2. முதல்முறை மதியத்தில் போங்கள்

வார நாட்களில் சுமார் 11 மணியிலிருந்து 2 மணி வரை மதிய மெனு இருக்கும். செக்கில் பொலெத்னீ மெனு அல்லது டென்னீ மெனு, ஸ்லோவாக்கில் ஒபெடோவே மெனு அல்லது டென்னே மெனு என்பார்கள். ஒரு சூப், மூன்றிலிருந்து ஐந்து முக்கிய உணவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். செக் நகரங்களில் ஏறக்குறைய 150 முதல் 220 கொருனா, ஸ்லோவாக்கியாவில் 7 முதல் 10 யூரோ வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூப் சில கடைகளில் அந்த விலைக்குள்ளேயே அடங்கும், சில கடைகளில் 30, 40 கொருனா தனி. மெனுவின் தலைப்பில் அது எழுதியிருக்கும்.

எண்ணைச் சொன்னாலே போதும். உச்சரிப்புக்கு அஞ்சுகிறவர்கள் விரலால் காட்டலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முக்கியமான விஷயம் நேரம். பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் அலுவலகக் கூட்டம் மொத்தமாக வரும். ஒரு மணிக்குப் போனால் நல்ல அயிட்டங்களின் மேல் கோடு இழுத்திருப்பார்கள். பதினொன்றேகாலுக்கு உட்கார்ந்தால் இடமும் கிடைக்கும், சாப்பாடும் பத்து நிமிடத்தில் வரும்.

மதிய மெனு சனி, ஞாயிறு கிடையாது. இரவில் கடை பதினொன்று வரை திறந்திருந்தாலும் சமையலறை பல இடங்களில் ஒன்பது, ஒன்பதரைக்கே அடைத்துவிடும். இணையத்தில் காட்டும் நேரம் கடை மூடும் நேரம். அடுப்பு அணையும் நேரம் அதில் இருக்காது.

3. மாலைக்கு முன்பதிவு: அரை மணிக் கணக்கில் கவனம்

வெள்ளி, சனி மாலைகளில் முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். மேசைமேல் சின்னப் பலகையில் "ரெஸர்வே" என்று இருந்தால் அங்கே உட்காரக் கூடாது. பலகையே இல்லாத ஒரு மூலை மேசை தினமும் வருகிறவர்களுக்கு ஒதுக்கியதாக இருக்கலாம். அவர்களை ஷ்டாம்கஸ்ட் என்பார்கள். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

தொலைபேசியில் நேரம் சொல்லும்போதுதான் பெரிய குழப்பம். நமக்கு ஏழரை என்றால் ஏழு கடந்து அரை மணி. செக்கில் "பூல் செட்மே", ஸ்லோவாக்கில் "போல் சியட்மெய்" என்றால் ஏழை நோக்கிப் பாதி தூரம், அதாவது ஆறரை. வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்துக்கொண்டு ஏழரைக்குப் போய் நின்றால் மேசை வேறு யாருக்கோ போயிருக்கும். "18:30" என்று எண்ணாக எழுதி அனுப்புவதே உத்தமம்.

4. கையில் இருக்க வேண்டியவை

மதுவுக்கு இரு நாடுகளிலும் வயது 18. இளமையான முகமாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டை காட்டலாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட மது அளவு இரு நாடுகளிலும் பூஜ்யம். ஒரு சின்னக் கிளாஸ் பியருக்குப் பிறகும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

ஸ்லோவாக்கியாவில் யூரோ, செக்கில் கொருனா. செக் கடைகள் சில யூரோ வாங்கிக்கொள்ளும், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். ஸ்ட்ராவென்கா என்ற சாப்பாட்டுக் கார்டை நிறுவனம் கொடுத்திருந்தால் கதவில் அந்தக் கார்டின் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் இருந்தாலும் உணவு சொல்வதற்கு முன்பே கார்டைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. "யென் ஹோட்டொவ்யே" என்று எழுதியிருந்தால் ரொக்கம் மட்டும். கைவசம் 500 கொருனா ரொக்கம் எப்போதும் இருக்கட்டும்.

அலுவலகக் கணக்கில் சாப்பிடுகிறீர்கள் என்றால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். செக்கில் 10,000 கொருனாவுக்குள் என்றால் கடையின் வரி எண் அச்சிட்ட சாதாரண ரசீதே கணக்குக்குச் செல்லும். அதற்கு மேல் போனால் உங்கள் நிறுவன விவரத்தோடு முழுப் பில் வேண்டும்; அதைப் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி

நுழையும்போது செக்கில் "டோப்ரீ டென்", ஸ்லோவாக்கில் "டோப்ரீ டெஞ்" சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக மேசைக்குப் போவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. கோட்டை நாற்காலி முதுகில் போடாமல் சுவர்க் கொக்கியில் மாட்டுங்கள். பெரிய மேசையில் பாதி காலியாக இருந்தால் "யே து வோல்னோ?" (இங்கே காலியா?) என்று கேட்டு மறுபாதியில் உட்காரலாம். தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வது சாதாரணம். "நோ" என்று பதில் வந்தால் மிரண்டு திரும்பிவிடாதீர்கள். செக் பேச்சுவழக்கில் "நோ" என்றால் "ஆமாம்". இல்லை என்பதற்கு "நெ".

மெனு கைக்கு வருவதற்கு முன்பே "ட்ஸோ க் பிட்டீ?" என்று கேள்வி வரும். குடிக்க என்ன என்று அர்த்தம். முதலில் பானம், பிறகுதான் சாப்பாடு. பியர் என்றால் அளவும் டிகிரியும் சொல்ல வேண்டும். பெரியது அரை லிட்டர், சின்னது 0.3 லிட்டர். 10°, 12° என்பது ஆல்கஹால் சதவீதம் இல்லை. காய்ச்சும் வடிநீரில் கரைந்திருக்கும் மால்ட் சத்தின் அளவு. 10 டிகிரி பியரில் ஆல்கஹால் ஏறக்குறைய 4 சதவீதம், 12 டிகிரியில் 5. முதல்முறை குடிக்கிறவர்களுக்குப் பத்து போதும். நுரை கெட்டியாக இரண்டு மூன்று விரல் உயரம் நிற்பது அங்கே சரியான ஊற்று, ஏமாற்று வேலை இல்லை. கிளாஸின் பக்கவாட்டில் கோடு இருக்கும். நுரை அடங்கியபின் பியர் அந்தக் கோட்டைத் தொட்டால் அளவு சரி.

குடிக்காதவர்கள் கூசவே வேண்டாம். கோஃபோலா என்ற மூலிகை வாசமுள்ள கோலா பல கடைகளில் பியரைப் போலவே குழாயிலிருந்து வரும். மலினோவ்கா ராஸ்பெர்ரி சோடா. ஸ்லோவாக்கியாவில் வினேயா என்ற திராட்சைச் சோடா. தண்ணீர் கேட்டால் பாட்டில்தான் வரும், அதற்குக் காசு. சில கடைகளில் தண்ணீர் விலை பியர் விலைக்குக் கிட்டத்தட்ட சமம். வாயு இல்லாதது வேண்டுமென்றால் "நெபெர்லிவா" என்று சொல்லுங்கள்.

பழைய பாணிக் கடைகளில் பியரோடு விரல் நீளக் காகிதத் துண்டு ஒன்று மேசைக்கு வரும். ஒவ்வொரு கிளாஸுக்கும் பேனாவால் ஒரு கோடு, சாப்பாடு வந்தால் அதன் விலை கீழே. உங்கள் கணக்குப் புத்தகமே அதுதான். ஈரமான கிளாஸின் அடியில் வைத்தால் மை கரைந்துவிடும். பைக்குள் போட்டுக்கொண்டால் பரிமாறுகிறவர் தேடுவார். மேசை ஓரத்தில் அவர் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், நீங்கள் எதுவும் எழுதாதீர்கள். இப்படிப்பட்ட சில கடைகளில் கிளாஸ் காலியானதும் கேட்காமலேயே அடுத்தது வந்து நிற்கும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையை எடுத்துக் கிளாஸின் வாய்மேல் மூடிவையுங்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

6. மெனுவை வாசிக்கும் விதம்

உணவின் பெயருக்கு முன் 150 கிராம், 200 கிராம் என்று இருக்கும். அது இறைச்சியின் பச்சை எடை, வெந்தபின் குறையும். விலைக்குப் பக்கத்தில் "189,–" என்றால் 189 கொருனா. பெயருக்குப் பின்னால் வரும் 1, 3, 7 போன்ற எண்கள் ஒவ்வாமைக் குறியீடு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மொத்தம் 14. நமக்கு அடிக்கடி வேண்டியவை: 1 கோதுமை போன்ற குளூட்டன் தானியம், 3 முட்டை, 4 மீன், 5 வேர்க்கடலை, 7 பால், 8 கொட்டைப்பருப்புகள், 10 கடுகு. முட்டை சாப்பிடாதவர்கள் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டிருக்காமல் 3 இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. இந்தப் பட்டியலில் பன்றியோ மாடோ கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மதிய மெனுவில் எல்லாம் சேர்ந்து வரும். மாலை மெனுவில் அப்படியில்லை. "ப்ர்ஷீலொஹி" என்ற தலைப்பின் கீழ் உருளைக்கிழங்கு, சோறு எல்லாம் தனி விலை. இறைச்சியை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் தட்டில் இறைச்சி மட்டும்தான் வரும். ரொட்டி, கெட்சப், டாடர்கா என்ற மயோனைஸ் சாஸ் ஆகியவற்றுக்கும் தனிக் காசு. இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: டாடர்கா என்றால் சாஸ், டடராக் என்றால் பச்சை மாட்டிறைச்சிக் கொத்து. பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியோடு வரும். ஓரெழுத்து மாறினால் தட்டே மாறிவிடும்.

சின்ன வயிற்றுக்கும் குழந்தைகளுக்கும் பாதி அளவு கேட்கலாம்: "போலொவிச்னீ போர்ட்ஸே". விலை பாதியாகாது, பெரும்பாலும் முழுவிலையில் 70 சதவீதம்.

7. மாடு, பன்றி, சைவம்: கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தச் சொற்களைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். செக்கில் ஹொவ்யெஸீ மாடு, வெப்ர்ஷொவே பன்றி, குர்ஷெட்ஸீ கோழி. ஸ்லோவாக்கில் ஹொவெட்ஸியே, ப்ரவ்ச்சொவே, குராட்ஸியே. ஸ்லனினா என்றால் புகையிட்ட பன்றிக்கொழுப்பு, இரு மொழியிலும் அதே சொல். சாட்லோ (ஸ்லோவாக்கில் மாஸ்ட்ய்) உருக்கிய பன்றிக்கொழுப்பு.

"பெஸ்மஸா யீட்லா" என்ற பகுதி இறைச்சியில்லா உணவுகளுக்கானது. அந்தத் தலைப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். இறைச்சித் துண்டு இல்லை என்பதற்குத்தான் அது உத்தரவாதம். காய்கறிச் சூப்பின் அடித்தண்ணீர் மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம். வேகவைத்த முட்டைக்கோஸில் சாட்லோ சேர்ப்பது வழக்கம். உருளைக்கிழங்கு அடையான ப்ரம்போராக்கை அதே கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. "செம் வெகெட்டரியான்" (பெண்கள் "வெகெட்டரியான்கா") என்று சொல்லிவிட்டு, "பெஸ் மஸா, பெஸ் ஸ்லனினி, பெஸ் சாட்லா" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் சமையல்காரர் மேலே தூவிய கொழுப்புத் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைச் செய்தாயிற்று.

ஸ்வீச்கோவாவைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். கேரட் நிறத்தில் காய்கறிக் குழம்பு போலவே இருக்கும். அந்தக் குழம்பே மாட்டிறைச்சியோடு சேர்ந்து வெந்த கேரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர் ஆகியவற்றை மசித்து க்ரீம் சேர்த்தது. இறைச்சியை ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டாலும் மாடு சாப்பிட்டதுதான்.

சைவர்களுக்குக் கைகொடுப்பது ஸ்மஷெனீ சீர்: ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த தடித்த சீஸ் துண்டு, வறுத்த உருளைக்கிழங்கோடு. முட்டை உண்டு. பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி இறைச்சிக்கும் பொதுவாக இருக்கும். பழம் பொதித்த மாவுருண்டையான ஒவொட்ஸ்னே க்னெட்லீக்கி இனிப்பாக இருந்தாலும் அங்கே முழுச் சாப்பாடு. உருக்கிய வெண்ணெயும் சர்க்கரையும் மேலே இருக்கும்.

8. எதில் தொடங்கலாம்

சூப்பிலிருந்து. பூண்டும் மார்ஜோரமும் மணக்கும் செஸ்னெச்கா நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். அடித்தண்ணீர் எது என்று மட்டும் கேளுங்கள். குலய்டா காளான், உருளைக்கிழங்கு, சோயிக்கீரை, க்ரீம், முட்டை சேர்ந்த புளிப்புச் சூப். ட்ர்ஷ்ட்கொவா என்றால் மாட்டின் இரைப்பையில் செய்த சூப்.

மாடு சாப்பிடுகிறவர்கள் ஸ்வீச்கோவாவைத் தவறவிடக் கூடாது. தட்டில் மெல்லிய இறைச்சித் துண்டுகள், அதை மூடிய குழம்பு, ஓரத்தில் ஓர் எலுமிச்சை வட்டம், அதன்மேல் க்ரான்பெர்ரி ஜாமும் அடித்த க்ரீமும். பக்கத்தில் நாலைந்து க்னெட்லீக் துண்டுகள். க்னெட்லீக் என்பது கோதுமை மாவில் பழைய ரொட்டித் துண்டுகள் கலந்து, நீளமாக உருட்டி, வேகவைத்து, நூலால் அறுத்த வட்டங்கள். தனியாகத் தின்றால் சப்பென்றுதான் இருக்கும். குழம்பைத் துடைத்து எடுக்கத்தான் அது. முள்கரண்டியால் வெட்டி, குழம்பில் அழுத்தி, இறைச்சியோடும் ஜாமோடும் ஒரே வாயில் போடுங்கள். அந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்தால்தான் ருசி.

கோழி மட்டும் என்றால் குர்ஷெட்ஸீ ர்ஷீஸெக்: ரொட்டித்தூள் கட்லெட், உருளைக்கிழங்கு சாலட்டோடு. பன்றி சாப்பிடுகிறவர்களுக்கு வெப்ர்ஷோ-க்னெட்லோ-ஸெலோ: பன்றி இறைச்சி, க்னெட்லீக், முட்டைக்கோஸ். கொலெனோ என்ற பன்றிக்கால் எலும்போடு ஒரு கிலோவைத் தொடும். தனியாளாகச் சொல்ல வேண்டாம்.

9. ஸ்லோவாக் சமையல் என்றால்

பிரின்ட்ஸொவே ஹலுஷ்கி. துருவிய பச்சை உருளைக்கிழங்கும் மாவும் கலந்து கொதிநீரில் விழுந்த சின்னச் சின்ன உருண்டைகள், மேலே செம்மறி ஆட்டுப்பால் சீஸான பிரின்ட்ஸா, அதன் மேல் வறுத்த ஸ்லனினா. "பெஸ் ஸ்லனினி" சொன்னாலும் வறுத்த கொழுப்பை மட்டும் தனியே ஊற்றிவிடும் கடைகள் உண்டு. அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீஸ் உப்பும் புளிப்புமாகக் கனமாக இருக்கும், பாதிக்கே வயிறு நிறையும். மே மாதத்து பிரின்ட்ஸாவை அங்கே தனியாகத் தேடிச் சாப்பிடுவார்கள். ஆடுகள் புதுப்புல் மேயும் காலம். ஹலுஷ்கியோடு ஷின்ச்சிட்ஸா கேட்டுப் பாருங்கள். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் பால்நீரில் செய்தது. நீர்மோர் பழகிய நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது.

ஸ்ட்ரபச்கி என்றால் அதே உருண்டை, புளித்த முட்டைக்கோஸோடு. ஷூல்யன்ட்ஸே ஸ் மாகொம் கசகசாவும் சர்க்கரையும் தூவிய உருளைக்கிழங்கு மாவு விரல்கள். பல கடைகளில் சைவர்களுக்குச் சிக்கலில்லாத தட்டு இதுதான்.

10. பில்

பில் தானாக வராது. வேலை முடிந்தால் கிளம்பச் சொல்லும் பழக்கம் அங்கே இல்லை. "ஸப்லட்டீம், ப்ரொசீம்" என்று கூப்பிடுங்கள். "ஸ்வ்லாஷ்ட், நெபோ டொஹ்ரொமடி?" என்று கேட்பார்: தனித்தனியா, சேர்த்தா? தனித்தனி என்றால் ஒவ்வொருவரும் தாம் சாப்பிட்டதைச் சொல்ல, அவர் கூட்டிச் சொல்வார். எட்டுப் பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் யார் எது என்று தடுமாறினால் பதினைந்து நிமிடம் போய்விடும்.

டிப்ஸ் கட்டாயமில்லை, நன்றாக இருந்தால் மேல்நோக்கி முழுமையாக்குவார்கள், அதிகபட்சம் பத்து சதவீதம். மேசையில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் குறைவு. 274 வந்தால் பணத்தை நீட்டும்போதே "300" என்று சொல்லிவிடுங்கள், மீதியை அதற்கேற்பத் தருவார். கார்டு என்றால் இயந்திரத்தில் தொகை ஏறும் முன்பே சொல்ல வேண்டும், பிறகு மாற்ற முடியாது. வெளிநாட்டுக் கார்டு என்றால் இயந்திரம் ரூபாயிலா கொருனாவிலா என்று கேட்கலாம். கொருனாவைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்று அமுக்கினால் மோசமான விகிதத்தில் கழியும்.

பணம் எடுத்துக் கொடுப்பதற்கு முன் காகிதத் துண்டில் பியர்க் கோடுகளின் எண்ணிக்கை சரியா, ரசீதில் நீங்கள் சொல்லாத ரொட்டி, "குவேர்" என்ற மேசைக் கட்டணம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். குவேர் மெனுவில் அச்சிட்டிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் அமைதியாகச் சுட்டிக்காட்டி எடுக்கச் சொல்லலாம்.

மிச்சமிருந்தால் "ஸபாலிட், ப்ரொசீம்" என்றால் பொட்டலம் கட்டித் தருவார்கள், டப்பாவுக்கு 10 முதல் 20 கொருனா. கழிவறைக் கதவில் "முஷி", "பானி" என்றால் ஆண்கள். "ஷெனி", "டாமி" என்றால் பெண்கள். கிளம்பும்போது "நா ஸ்ஹ்லெடனோவ்", ஸ்லோவாக்கில் "டொவிடெனியா". பக்கத்து மேசைக்காரரையும் பார்த்துச் சொல்லுங்கள்.